எல்லோருக்கும் அரைப் பக்கம்

வெள்ளிவிழா மலர் போட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு வயது நாற்பத்தாறு, நாற்பத்தேழு இருக்கும். இருபத்தொன்றில் பட்டம் வாங்கி இருபத்தைந்து வருஷம் ஓடினால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. மூத்த பிள்ளை பிளஸ் டூ படிக்கும். அப்பாவோ அம்மாவோ படுக்கையில் இருப்பார்கள், இல்லையென்றால் மாதம் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும். ஒரு மனிதருக்குப் பொறுப்பு மிக அதிகமாகவும், மனம்விட்டுப் பேச ஆள் மிகக் குறைவாகவும் இருக்கிற வயது அது. அந்த நேரத்தில் ஏன் பழைய வகுப்பைத் தேடிக் கிளம்புகிறீர்கள் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். "சும்மாதான் மேடம், எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கலாம்னு" என்பார்கள். வேலை முடிகிற சமயத்தில்தான் உண்மையான காரணம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மதுரை சிம்மக்கல்லில் நான் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், பேஜ்மேக்கர் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலத்தில் ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, எம்.ஃபில். ஆய்வேடு, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று வந்ததையெல்லாம் செய்தேன். கல்லூரி பேட்ச்களுக்கு மலர் தொகுத்துக் கொடுப்பது பின்னால் சேர்ந்த வேலை. இன்று அதுதான் முக்கியமான வேலை. அச்சுக்குச் சிவகாசி போய்விடும். ஆட்களைத் தேடுவது, பேசுவது, எழுதுவது, ப்ரூஃப் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. போட்டோ ஒட்டி முகவரி அடிக்கிற வேலை என்று இதை நினைப்பவர்கள் உண்டு. ஒரு வகுப்பின் நடுவயதுச் செய்தியை ஒருவர் விடாமல் திரட்டிவிட்டால், அந்த வகுப்பில் யாரும் இனித் தனியாக இல்லை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை காலம் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதல் வேலை பட்டியல். வருகிறவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் உள்ள பெயர்களைக் கொண்டுவந்து தருவார்கள். நான் அதை வாங்கிக்கொள்வதில்லை. குரூப்பில் இருப்பவர் ஏற்கெனவே கிடைத்துவிட்டவர். கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நாமினல் ரோல் வாங்கி வாருங்கள், அதுவும் முதலாமாண்டு ரோல் வேண்டும் என்பேன். கடைசி ஆண்டு ரோலில் பட்டம் வாங்கியவர்கள்தான் இருப்பார்கள். அப்பா இறந்து பாதியில் டி.சி. வாங்கிப் போனவர், இரண்டாம் வருஷம் கல்யாணமாகி நின்றுவிட்ட பெண், ஃபீஸ் கட்ட முடியாமல் திருப்பூருக்குப் போய்விட்டவர் ஆகிய மூவரும் முதலாமாண்டு ரோலில்தான் கிடைப்பார்கள். முன்பெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் இந்த ரோலை எடுத்துக் கொடுக்கவே யோசிப்பார்கள். 'நாக்' தரமதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பு என்று தனியாக ஒரு பகுதி இருப்பதால் இப்போது வரவேற்று உட்காரவைத்துத் தேடித் தருகிறார்கள். முன்னாள் மாணவர் சங்கங்களை 1975-ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, தணிக்கைக் கணக்கு வைப்பதும் இப்போது பரவலாகிவிட்டது.

எந்த பேட்ச் என்பதிலும் கவனம் வேண்டும். கலைக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் முடித்த வருஷத்தைச் சொல்வார்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த வருஷத்தைச் சொல்வார்கள். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்தால் ஐந்தரை வருஷப் படிப்பு. ஆகவே 'தொண்ணூறு பேட்ச்' டாக்டரும் 'தொண்ணூறு பேட்ச்' இன்ஜினியரும் ஏறக்குறைய நாலு வயது வித்தியாசக்காரர்கள்.

ஆண்களைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை. இனிஷியல் மாறாது, ஊர் மாறினாலும் பூர்வீக வீடோ நிலமோ இருக்கும். ஒரே வகுப்பில் நாலு சரவணன் இருந்தாலும் ரோல் நம்பரை வைத்துப் பிரித்துவிடலாம். பெண்கள் விஷயம் வேறு. ரோலில் ஆர். சாந்தி என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில், வங்கிக் கணக்கில், ஆதாரில் அவர் எம். சாந்தி. அப்பா பெயரின் முதலெழுத்துப் போய்க் கணவர் பெயரின் முதலெழுத்து வந்துவிடுகிறது. அந்த ஓர் எழுத்தோடு வகுப்பும் அவரைத் தொலைத்துவிடுகிறது. ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பவர்களுக்குச் சான்றிதழில் உள்ள பெயர் வேலையிலும் தொடரும், ஆகவே அவர்கள் கிடைத்துவிடுவார்கள். வீட்டோடு இருப்பவர்கள்தான் கிடைக்கமாட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து வகுப்பு கூடும்போது 'கேர்ள்ஸ் யாரும் வர்றதில்லை மேடம், அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை' என்று சொல்லும் பேட்ச்கள் பல. அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவேயில்லை என்பதுதான் நான் கண்டது.

இதற்கு என்னிடம் இருக்கும் பெரிய ஆயுதம் பழைய கல்யாணப் பத்திரிகை. வகுப்புத் தோழிகள் யாராவது ஒருவர் பீரோவில் ஒரு கட்டுப் பத்திரிகை வைத்திருப்பார். நம் பத்திரிகையில் மாப்பிள்ளையின் ஊர், அவருடைய அப்பா பெயர், தாத்தா பெயர், அப்போது பார்த்த வேலை, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே அண்ணன் தம்பி பெயர்கள், மண்டபம் எல்லாம் இருக்கும். இத்தனை விவரம் எந்த அரசாங்கப் பதிவிலும் ஒரே தாளில் கிடைக்காது. பத்திரிகை கிடைக்காவிட்டால் பிறந்த வீடு. அந்தத் தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரோ டெய்லரோ, 'அந்தப் பொண்ணா, சாத்தூர்ல கட்டிக்கொடுத்தாங்க, போன ஆடிக்கு வந்துட்டுப் போச்சே' என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அண்ணனையோ தம்பியையோ பிடிக்க வேண்டும். தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தும் சடங்கும் நடக்காது என்பதால் கூடப்பிறந்தவனுக்கு அக்கா வீட்டு நம்பர் எப்படியும் தெரிந்திருக்கும்.

நான் பெண்ணாக இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் வீட்டுக்கு, 'கூடப் படிச்சவன் பேசறேன்' என்று ஓர் ஆண் குரல் போனால் சில வீடுகளில் அதற்கு இன்னமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பேசினால் மாமியார் எடுப்பார், முதலில் அவரிடம் ஐந்து நிமிஷம் உடம்பு சௌகரியம் விசாரிப்பேன். கல்லூரி மலர் போடுகிறோம், உங்கள் மருமகள் பெயர் இல்லாமல் போடக் கூடாதல்லவா அம்மா என்பேன். பெரும்பாலும், 'அவ அப்பவே நல்லாப் படிச்சவதான்' என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவே போனைக் கொண்டுபோய்க் கொடுப்பார். மருமகள் படித்த கதையை அந்த வீட்டில் வெகு காலத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் கேட்டிருப்பார்கள்.

தேடும் வழிகள் என் கண்முன்னே மாறிவிட்டன. ஆரம்பத்தில் பதில் அட்டையோடு சேர்ந்த தபால் அட்டை அனுப்பினோம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தபோது, கையிலிருந்த முகவரிப் புத்தகங்களையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. பிறகு செல்போன் வந்தது. கம்பெனி மாற்றினால் நம்பரும் போய்விடும் என்ற நிலை 2011-ல் மாறியது. நம்பரை விடாமல் கம்பெனி மாற்றலாம் என்று ஆனபிறகு ஒருமுறை கிடைத்தவர் மறுபடி தொலைவது குறைந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் 2016-லிருந்து 256 பேர் வரை சேர்க்க முடிந்ததும் ஒரு முழுப் பொறியியல் பேட்ச்சே ஒரே குரூப்பில் அடங்கியது. அதோடு என் வேலை முடிந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நடந்தது நேர்மாறு. குரூப்பில் தினம் பேசுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். மற்றவர்கள் காலை வணக்கத்தையும் பிறந்தநாள் வாழ்த்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நூற்றிருபது பேர் கூடவே இருந்தும், ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எதுவும் தெரியாத நிலை அது.

அவர்களைப் பேசவைப்பது கேள்வியில்தான் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் பேட்ச்காரர்கள் தயாரித்த படிவங்களில் பெயர், பதவி, நிறுவனம், மனைவி பெயர், குழந்தைகள், முகவரி என்று இருக்கும். வேலையில் இருப்பவர் நிரப்பிக் கொடுத்துவிடுவார். பதவியும் நிறுவனமும் இல்லாதவர் அந்தத் தாளைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவார். பிறகு ஹார்வர்டு ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1938-ல் தொடங்கி ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கிழவர்களாகி இறக்கும்வரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பல பத்தாண்டுகள் அதை நடத்திய ஜார்ஜ் வெய்லண்ட், நல்ல முதுமைக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் துணைநின்றது நெருக்கமான உறவுகள்தான் என்ற முடிவுக்கு வந்தார். அந்த 268 பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது. அன்றைய ஹார்வர்டு கல்லூரியில் பெண்கள் இல்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப, அலுக்காமல் கேட்டார்களே, அந்தப் பொறுமையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தன் செய்தியைச் சிவப்பு அட்டைப் புத்தகமாகப் போடும் வழக்கமும் உண்டு.

இப்போது என் படிவத்தில் பதவிக்குத் தனிக் கட்டம் கிடையாது. காலையில் எழுந்ததும் யாருக்காக என்ன செய்கிறீர்கள்? கடைசியாக எந்த வகுப்புத் தோழரிடம் பேசினீர்கள், எதற்காக? படித்த பாடத்தில் இன்னும் எது நினைவிருக்கிறது? வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? இந்த மாதிரி நாலைந்து கேள்விகள். எழுத வராதவர்களிடம் போனில் கேட்டு நானே எழுதிவிடுவேன்.

எழுதியதற்கு எல்லோருக்கும் அரைப் பக்கம். டெம்மி அளவில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். நூற்றிருபது பேர் வகுப்பு என்றால் 60 பக்கம், குரூப் போட்டோவும் ஆசிரியர்கள் பக்கமும் முன்னுரையும் சேர்த்து 64. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்பதால் நாலு பாரத்தில் கச்சிதமாக முடியும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அச்சுச் செலவில் பெரும்பகுதியைக் கொடுக்கும் தொழிலதிபர் ஒருவர் பேட்ச்சில் இருப்பார். அவருக்கு ஆர்ட் பேப்பரில் முழுப் பக்கம் கலரில் வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர்கள் சங்கடத்தோடு சொல்வார்கள். அட்டையின் உள்பக்கத்தில் அவர் நிறுவன விளம்பரத்தைத் தாராளமாகப் போடலாம், வகுப்புப் பக்கத்தில் அவருக்கும் அரைப் பக்கம்தான் என்று சொல்லிவிடுவேன். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் அந்தத் தொழிலதிபர்களிடம் நேரே பேச வாய்த்தபோதெல்லாம், யோசிக்காமல் சரி என்றவர்கள்தான் அதிகம்.

வரிசையும் அப்படியே. பதவி வரிசை கிடையாது, அகரவரிசையும் கிடையாது, ரோல் நம்பர்தான். அறிவியல் வகுப்பில் ரோல் நம்பரில் அடுத்தடுத்து வருகிறவர்கள் லேப்பில் ஒரே மேஜை. மூன்று வருஷம் ஒரே பியூரெட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் மலரிலும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வருவார்கள். அப்படி வரும்போது சில விஷயங்கள் தாமாகப் புலப்படும்.

1993-இல் சேர்ந்து 1996-ல் முடித்த வேதியியல் வகுப்பு ஒன்று. வெள்ளிவிழா 2021-ல் வந்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போய் 2022 டிசம்பரில் நடந்தது. ஒரே லேப் மேஜைக்காரர்கள் இரண்டு பேர், இருவரும் 'அரசுப் பணி, நலம்' என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால் ஒருவர் 1999-ல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரே அடியாக நீக்கப்பட்டார்களே, அதில் தன் பெயரும் இருந்ததையும் அந்த மாதம் மனைவி நிறைமாதமாக இருந்ததையும் சொன்னார். மற்றவர் 2004-ல் தொகுப்பூதியத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, 2006-ல் காலமுறை ஊதியத்துக்கு வந்தவர். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான் என்று ஆனது. ஆகவே ஒரே மேஜையில் நின்றவர்களில் ஒருவர் பழைய பென்ஷனில் இருந்தார், இன்னொருவர் அதற்கு வெளியே நின்று போராட்டப் பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் குரூப்பில் பல வருஷமாக ஒருவருக்கொருவர் தீபாவளி வாழ்த்து அனுப்பிக்கொண்டவர்கள். இது மட்டும் பேச்சில் வந்ததேயில்லை. 'நலம்' என்ற சொல் நடுவயதில் எத்தனையோ விஷயங்களை மூடி வைத்திருக்கிறது. அதை எழுதி அனுப்புகிறவரிடம் நான் கட்டாயம் போனில் பேசுவேன்.

அதே வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர் படிவத்தைத் திருப்பி அனுப்பவேயில்லை. முனைவர் பட்டம் பெற்றவர், அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். மே மாதச் சம்பளம் கிடையாது என்பதால் அந்த மாதம் டுட்டோரியலில் பாடம் எடுப்பார். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு மேடம்? பேர் மட்டும் போடுங்க" என்றார். படித்த பாடத்தில் எது நினைவிருக்கிறது என்ற கேள்வியை மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். கரிம வேதியியலில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் நகரும் என்பதை, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைக்கிறார் என்று விளக்கினார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் அவரிடம் படித்து எம்.எஸ்சி.க்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிட்டது. அந்த அரைப் பக்கம்தான் அந்த மலரிலேயே சிறந்த பக்கம். விழாவன்று பலர் தங்கள் பிள்ளைகளை அவரிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பொறியியல் வகுப்புகளின் கதை வேறு மாதிரி. 1984-லிருந்து தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன, நுழைவுத் தேர்வும் அதே வருஷம் வந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் பிள்ளைகளும் இன்ஜினியர் ஆனார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் முடித்தவர்கள் ஒய்2கே வேலைகளைப் பிடித்துக் கடல் தாண்டினார்கள். அவர்கள் இப்போது நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள், பெற்றோர் கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு மெக்கானிக்கல் வகுப்பின் மலரைத் தொகுத்தபோது நடந்ததை எழுதியாக வேண்டும். ஊரிலேயே தங்கிவிட்டவர் ஒருவர், பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. படிவத்தில் 'சொந்தத் தொழில்' என்று இரண்டே சொல். குரூப்பில் அவர் பேசுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த படிவங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். டல்லாஸில் இருப்பவர், தன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரவில் மதுரைக்குக் காரில் கொண்டுவந்து சேர்த்தது இவர் என்று எழுதியிருந்தார். சிங்கப்பூரில் இருப்பவர், அம்மாவுக்கு டயாலிசிஸ் நாளெல்லாம் இவர் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போகிறார் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தன் விமானம் வந்து சேரும்வரை அப்பாவின் உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் இவர் என்று எழுதியிருந்தார். நாலாவதாக ஒருவர் அம்மாவின் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க இவர் வருஷாவருஷம் கூட்டிப்போவதை எழுதியிருந்தார். நாலு பேரும் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இந்த உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தாளும் ஒரே மேஜையில் சேர்ந்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்குப் போன் செய்தேன். "அக்கா, அவங்க எழுதிட்டாங்களா? வேற யாரும் இல்ல, அதான் போனேன்" என்றார். அதை எழுதலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். அவரைப் பற்றி அவருடைய அரைப் பக்கத்தில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. மற்ற நாலு பேர் தங்கள் அரைப் பக்கத்தில் எழுதியதை நான் எப்படி எடுக்க முடியும் என்று கேட்டேன். அதற்குச் சரி என்றார். நாலு பக்கமும் அப்படியே அச்சாயின. மலர் கைக்கு வந்த அன்று ராத்திரியே அந்த வகுப்பில் வெளியூரில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி, ஊரில் இருக்கும் பெற்றோர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நிரந்தரமாக ஒரு டிரைவரும் காரும் ஏற்பாடு செய்தார்கள். ஊரில் இருந்த மற்ற ஆறேழு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். அவருடைய கடைக்கு அதன்பிறகு பூட்டு விழவில்லை. நான் செய்த மலர்களில் எது உருப்படியான வேலை என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இறந்தவர்களுக்கும் அரைப் பக்கம் உண்டு, அவர்களுடைய ரோல் நம்பரிலேயே. 'நினைவஞ்சலி' என்று பின்னால் தனிப் பகுதியாக ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் அந்த லேப் மேஜைக்காரர்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். மனைவியிடமோ கணவரிடமோ பெரிய பிள்ளையிடமோ பேசித்தான் எழுதுவேன். எப்படி இறந்தார் என்பதை அவர்களாகச் சொல்லி, எழுதவும் சொன்னால் ஒழிய எழுதமாட்டேன். என்ன சட்டை போடுவார், எந்தப் பாட்டு முணுமுணுப்பார் என்று வீட்டார் சொல்வதை எழுதுவேன். கல்லூரி நாட்களில் எப்படி இருந்தார் என்று வகுப்புத் தோழர்களிடம் கேட்டு வாங்கி வீட்டாருக்குப் படித்துக் காட்டுவேன். 2021 மே மாதத்தில் பல வகுப்புகள் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பேரை இழந்தன. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். அப்பா இருபது வயதில் எப்படி இருந்தார் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியவர்கள் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ஃபீஸுக்கு வகுப்புகள் பணம் திரட்டியிருக்கின்றன. பணம் போகும்போது அப்பாவின் அரைப் பக்கமும் கூடப் போகட்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

விவாகரத்து, வேலை போனது, உடல்நலம், பிள்ளையைப் பற்றிய கவலை எல்லாம் போனில் வரும். அச்சில் எவ்வளவு வர வேண்டும் என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். ப்ரூஃப் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் போகும், ஒருங்கிணைப்பாளருக்குக்கூடக் காட்டமாட்டேன். வீட்டு முகவரியும் நம்பரும் மலரில் இப்போது போடுவதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கு முன்பே, மலரில் நம்பரைப் பார்த்து இன்ஷூரன்ஸ் விற்கப் போன் செய்கிறார்கள் என்று பெண்கள் சொன்னதும் நிறுத்திவிட்டேன். எழுத்து வடிவில் சம்மதம் வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

விழா நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தேதி குறிப்பதில்தான் சூட்சுமம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை பிளஸ் டூ பரீட்சை, யாரும் வரமாட்டார்கள். ஆவணி, ஐப்பசி, தை எல்லாம் முகூர்த்த மாதங்கள், மண்டபம் கிடைக்காது. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். டிசம்பர் கடைசி வாரத்தில் அரையாண்டு விடுமுறை, அமெரிக்காவிலும் விடுமுறை. மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு வருவார்கள். அவர்களுக்குத் தனியாகச் சமைக்கச் சொல்லிவிட வேண்டும். வயதான ஆசிரியர்களைக் கூட்டிவர கார் அனுப்ப வேண்டும், அவர்கள் உட்காரும் இடத்திலிருந்து கழிப்பறைக்குப் படி ஏறாமல் போகும்படி மண்டபம் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் கையில் இருப்பது 1998-இல் சேர்ந்து 2001-ல் முடித்த பி.காம். வகுப்பு. முதலாமாண்டு ரோலில் 72 பேர். 65 பேர் கிடைத்துவிட்டார்கள். மிச்சம் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை நேற்று கிடைத்தது, மாப்பிள்ளைக்கு ஊர் இராஜபாளையம், அன்று நூற்பாலையில் சூப்பர்வைசர். இன்னொருவருடைய தம்பி திருமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கிறார் என்று பிறந்த வீட்டுத் தெருவில் சொன்னார்கள். போன் நம்பர் இல்லை. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப்போகிறேன்.